கணினியில் பறந்த விமானம்: சோதனைப் பறப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக்கு மருந்தடிக்கும் டிரோனைப் பார்த்து விமானப் பொறியியலில் ஆசை கொள்ளும் மாணவர்களிடம், கணினியில் ஒழுங்காகப் பறந்துவிட்ட விமானத்தை வானில் சோதிப்பது வெறும் சடங்கு என்ற எண்ணம் இருக்கிறது. முதலில் களைய வேண்டிய தவறு இதுவே. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னர், இன்ன வேகத்தில், இன்ன எடையில் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினிப் பாவனை, அதாவது விமானத்தைக் கணினியில் பறக்கவிட்டுப் பார்க்கும் முறை, கணித்துத் தருகிறது. பறக்கும்போது வரும் அளவீடுகளைப் பொறியாளர்கள் அந்தக் கணிப்போடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த கட்டத்திற்கு அனுமதிக்கிறார்கள்.

ஒத்துப்போகாதபோது அதற்குச் சமாதானம் தேடுவது உயிரைப் பறிக்கும் தவறு. 2011 ஏப்ரல் 2 அன்று, அமெரிக்காவின் ராஸ்வெலில் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 விமானம், ஓர் எஞ்சின் செயலிழந்தால் எப்படி மேலெழும் என்ற சோதனையின்போது விபத்துக்குள்ளாகி நால்வர் உயிரிழந்தனர். தரைக்கு மிக அருகில் பறக்கும் இறக்கை, உயரத்தில் இருப்பதைவிட, எதிர்வரும் காற்றோடு குறைந்த கோணத்தில் நிமிரும்போதே தூக்குவிசையை இழந்துவிடும். அந்தக் கோணத்தை உண்மையைவிட அதிகமாக மதிப்பிட்டிருந்ததால், எச்சரிக்கைக் கருவி அதிர்வதற்கு முன்பே வலப்பக்க இறக்கை தூக்குவிசையை இழந்தது. அதற்கு முன்னர் நடந்த சோதனைகளில், வேறு இரண்டு பறப்புகளிலும் விமானம் தானாகவே ஒருபக்கம் சாய்ந்திருந்தது. வேறு காரணங்கள் சொல்லி அவற்றைக் கடந்துபோகாமல் மதிப்பீட்டையே மறுபடி சோதித்திருந்தால், அந்த நால்வரும் வீடு திரும்பியிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

திரையில் எண் துல்லியமாகத் தெரிவதால் விடையும் துல்லியம் என்று கொள்வதும் பிழை. 2006இல் பிரான்சின் துலூஸில் நடந்த தரைச் சோதனையில், பறக்கும்போது சந்திக்கக்கூடிய உச்சச் சுமையைப் போல் 1.5 மடங்கைத் தாங்கியிருக்க வேண்டிய ஏர்பஸ் ஏ380 விமானத்தின் இறக்கை, அதைச் சற்றே எட்டாமல் 1.45 மடங்குக்கு மேல் முறிந்தது. இறக்கையை உண்மையாகவே முறித்துப் பார்த்ததால்தான் இந்தச் சிறிய இடைவெளி தெரிந்தது, வலுப்படுத்தவும் முடிந்தது.

பாவனையில் மனிதரையும் பழுதையும் விட்டுவிடுவது இன்னொரு தவறு. போயிங் 737 மேக்ஸில், விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழிறக்கும் அமைப்பைச் சிமுலேட்டரில் சோதித்தார்கள். ஆனால் பழுதான ஓர் உணரியால் அது இயங்கும்போது விமானி அறையில் ஒரே நேரத்தில் எழும் பல எச்சரிக்கைகளைச் சோதிக்கவில்லை. 2018, 2019 ஆண்டுகளில் இவ்வகை விமானங்களுக்கு நேர்ந்த இரு விபத்துகளில் 346 பேர் மாண்டனர்.

பள்ளித் திட்டப்பணிக்கு டிரோனைக் கணினியில் வடிவமைக்கும் மாணவர்கள், பறக்கவிடும் முன்பே கணிப்பைத் தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். ஒரு பறப்போடு பொருந்தும்படி கணக்கில் எண்களை மாற்றிவிட்டு, அதே பறப்பைச் சான்றாகக் காட்டுவது செல்லாது. மருந்துத் தொட்டி நிறைந்திருந்தபோது திருத்திய கணக்கை, தொட்டி பாதியாகக் குறைந்து மருந்து உள்ளே அலையடிக்கும்போது பறக்கவிட்டுச் சரிபார்க்க வேண்டும்.