சியாங் மாயில் தங்கி வேலை செய்யப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன டிசம்பரில் நிம்மன் பகுதியில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் தமிழ் கேட்டது. இரண்டு பேர், இருபத்தைந்து வயது இருக்கும். ஐடி வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் வேலையை நம்பி வந்தவர்கள். தாய்லாந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. "அண்ணா, ஆறு மாசத்துக்குன்னா 12,000 பாட், ஒரு வருஷத்துக்குப் போட்டா 10,000-க்கே தர்றாங்க. நாளைக்குக் கையெழுத்துப் போடப் போறோம்" என்றார் ஒருவர். ஜன்னலுக்கு வெளியே தோய் சுதெப் மலை பளிச்சென்று பச்சையாக நின்றது. நானும் இப்படியொரு நாளில், இதே மலையைப் பார்த்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

அவர்களிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். சிம் கார்டு, பணம் மாற்றுவது, விமான நிலையத்திலிருந்து டாக்ஸி பிடிப்பது எல்லாம் இரண்டே நாளில் தானாகப் பழகிவிடும். அதை விட்டுவிடலாம்.

குளிர்காலத்தில் வந்து நீண்ட வாடகை ஒப்பந்தம் போடுவது

நவம்பர் முதல் ஜனவரி வரை சியாங் மாய் ஒரு ஊர். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை அது வேறு ஊர்.

வடக்குத் தாய்லாந்திலும், எல்லைக்கு அப்பால் மியான்மரிலும் லாவோஸிலும் அறுவடை முடிந்த வயல்களையும் மக்காச்சோளக் கொல்லைகளையும் எரிக்கிறார்கள். காடுகளிலும் தீ பரவுகிறது. ஊரோ மலைகளுக்கு நடுவே கிண்ணம் மாதிரியான பள்ளத்தாக்கில் இருக்கிறது. அந்த மாதங்களில் காற்று அசையாது. மேலே நிற்கும் வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் புகையைக் கீழேயே அமுக்கி வைத்துவிடும். நல்ல மழை வரும்வரை அது போக வழியில்லை. பிஎம் 2.5 நுண்துகள் ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்லாந்து தனக்கு வைத்திருக்கும் வரம்பு 37.5. மார்ச்சில் இங்கே 150-ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. காற்று மாசில் உலக நகரங்களிலேயே சியாங் மாய் முதலிடத்துக்கு வந்த நாட்களும் உண்டு.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நவம்பர் 1 முதல் ஏப்ரல் கடைசி வரை ஆறு மாத ஒப்பந்தம், மாதம் 12,000 பாட், இரண்டு மாத அட்வான்ஸ். ஐந்தாவது மாடி, பால்கனியில் நின்றால் மலை. பிப்ரவரி மூன்றாவது வாரம் மலையின் ஓரங்கள் மங்கின. மார்ச் முதல் வாரம் மலையே காணவில்லை. எனக்கு ஆஸ்துமா கிடையாது. அப்படியும் மூன்று வாரம் இருமல். கிளையண்டோடு வீடியோ காலில் பேசும்போது நடுவில் மைக்கை அணைத்து அணைத்து இருமினேன். ஏர் பியூரிஃபயர் வாங்கலாம் என்று போனால் இரண்டு கடைகளில் தீர்ந்துவிட்டிருந்தது. மூன்றாவது கடையில் வாங்கினேன். ஆனால் பால்கனிக் கதவின் இடுக்கு வழியே புகை உள்ளே வந்துகொண்டே இருந்ததால் அறைக்குள் நுண்துகள் அளவு இறங்கவே இல்லை. மார்ச் 24 அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டு தெற்கே கிராபி பக்கம் போனேன். அங்கே புதிதாக வாடகை கொடுத்தேன், இங்கே 24,000 பாட் அட்வான்ஸ் திரும்பி வரவில்லை.

வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முன்பே காலி செய்தால் அட்வான்ஸ் கிடையாது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தது. வீடு காட்டிய ஏஜெண்ட், "மார்ச்சில் கொஞ்சம் வெயில் இருக்கும்" என்று மட்டும் சொன்னாரே, அதை நினைத்தால்தான் இன்றும் எரிச்சல் வருகிறது. டிசம்பரில் எடுத்த வீடியோவைக் காட்டி "வருடம் முழுக்க சொர்க்கம்" என்று சொல்பவர்கள் மேலும் அதே எரிச்சல்தான். மாஸ்க் போட்டால் போதும் என்பார்கள். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் யார் மாஸ்க் போடுவது?

சரி, என்ன செய்யலாம்? நவம்பரில் வந்தால் ஜனவரி கடைசியோடு முடிகிற மாதிரி மூன்று மாதம் எடுங்கள். மாதா மாதம் வாடகைக்கு விடும் சர்வீஸ் அபார்ட்மெண்டில் தொகை கொஞ்சம் கூடும். ஒரு அட்வான்ஸை இழப்பதை விட அது குறைவுதான். ஆறு மாதம் வேண்டும் என்றால் ஜூன் முதல் நவம்பர் வரை எடுங்கள். மழையில் காற்று சுத்தமாக இருக்கும், சீசன் இல்லாததால் வாடகை பேசவும் முடியும். ஒன்று மட்டும்: பிங் ஆற்றங்கரையில் தரைத்தள வீடு வேண்டாம். 2024 அக்டோபர் வெள்ளத்தில் நைட் பஜார் பகுதி வரை தண்ணீர் வந்தது.

புகைக் காலத்திலும் இங்கேதான் இருக்க வேண்டும் என்றால், வீடு பார்க்கும்போதே கதவு ஜன்னல் இடுக்குகளைப் பாருங்கள். பழைய மர வீடுகள் பார்க்க அழகு. அந்த இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் அவை ஆகாது.

கரண்ட் யூனிட் விலையைக் கேட்காமல் விடுவது

அரசுக் கட்டணம் யூனிட்டுக்கு 4 பாட்டை ஒட்டி இருக்கும். பல கட்டடங்களில் 7, 8 பாட் வாங்குகிறார்கள். ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பகல் முழுக்க ஏசி ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

180 என்ற எண்ணை ஒரே மாதிரி புரிந்துகொள்வது

தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்காக 2024-இல் வந்த டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) ஐந்து வருடத்துக்கு. ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம். 5,00,000 பாட் கையிருப்பு காட்ட வேண்டும், தாய்லாந்துக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரிகிறது.

வரிச் சட்டத்திலும் 180 நாள் உண்டு. அங்கே கணக்கு வேறு. ஜனவரி முதல் டிசம்பர் வரை, பல தடவை வந்து போனதையும் சேர்த்து 180 நாள் ஆகிவிட்டால் தாய்லாந்து உங்களை வரிக்கு உட்பட்டவராகப் பார்க்கும். 2024 முதல் நீங்கள் ஈட்டும் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அதற்கும் வரி வரலாம். இந்தியாவிலோ ஏப்ரல் முதல் மார்ச் வரை, 182 நாள். ஆக இரண்டு காலண்டர், இரண்டு எண்ணிக்கை. நான் ஒரு நோட்டில் உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி இரண்டையும் எழுதி வைக்கிறேன். கணக்கு 150-ஐத் தாண்டியதும் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுவேன்.

டிஎம் 30 வீட்டுக்காரர் வேலை என்று விட்டுவிடுவது

வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவம்தான் டிஎம் 30. அவர் செய்யாவிட்டால் விசா நீட்டிக்கப் போகும்போது வரிசையிலிருந்து திருப்பி அனுப்பப்படுவது நீங்கள்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள்.

விசா தேதி தாண்டுவது

ஒரு நாளைக்கு 500 பாட் அபராதம்.

கார் லைசென்ஸை வைத்து ஸ்கூட்டர் ஓட்டுவது

சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் இருசக்கர வாகனத்துக்கான முத்திரை இருக்க வேண்டும். ஊரில் ஆர்டிஓ அலுவலகத்தில் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு கைவிட்டுவிடும். என் நண்பர் ஒருவர் கணுக்கால் ஆபரேஷனுக்கு முழுத் தொகையையும் கையிலிருந்து கட்டினார். அப்புறம், ஸ்கூட்டர் வாடகைக் கடையில் ஈடாக பாஸ்போர்ட் கேட்டால் வேறு கடைக்குப் போங்கள்.

வேப்

வேப், அதாவது இ-சிகரெட், தாய்லாந்தில் சட்டவிரோதம். கொண்டுவராதீர்கள்.

நிம்மன் பக்கம் காலையில் மட்டும் வீடு பார்ப்பது

விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மாலையில் ஒரு முறை போய், ஜன்னலை மூடிவிட்டு, அரை மணி நேரம் அறைக்குள் உட்கார்ந்து விமானச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள். உங்கள் வீடியோ கால் எல்லாம் அந்த நேரத்தில்தான் என்றால் வேறு தெரு பாருங்கள்.