ரங்கூன் மழையில் புத்தகங்கள்

எங்கள் ரங்கூனில் மே நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்தான். பத்து வயதில் அப்பா வாங்கித் தந்த கதைப்புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறதென்றால், இந்தச் சில பழக்கங்களால்தான்.

அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். வெளிச்சுவர் என்றால் கட்டாயம். புத்தகங்களை நெருக்கித் திணிக்கவும் வேண்டாம். காற்றின் ஈரப்பதம் பல நாள் 65 சதவீதத்துக்கு மேலே நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் மழை ஓய்ந்த நாளில் ஜன்னலைத் திறந்து, பக்கங்களைப் புரட்டி, மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். வெயிலில் வேண்டாம், தாள் மஞ்சளாகிவிடும். ஓர் அகராதியை நான் அப்படித்தான் கெடுத்தேன்.

நனைந்துவிட்டதா? ஒட்டிய பக்கங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். இருபது பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளை டிஷ்யூ தாளைச் செருகி, ஈரமானதும் மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை பக்கங்களில் ஒட்டும்.

அப்புறம் தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி. வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைப்பேன், ஓலைச்சுவடிக் காலத்துப் பழக்கம். அதை மட்டும் நம்பிவிடாமல் மாதம் ஒருமுறை தூசியும் தட்டுகிறேன்.