கேடயவால் பாம்பைத் தேடிப் போகிறவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

நீலகிரியில் கேடயவால் பாம்பைப் பதிவு செய்யத் தேடிப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பினால், பெரும்பாலும் தப்பு கண்ணில் இல்லை, நாட்காட்டியில்தான். திட்டத்தில் ‘மழைக்காலம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டு ஜூலையில் கோத்தகிரியில் போய் நிற்பார்கள். அப்போது மழை கொட்டுவது மேற்கே அவலாஞ்சி, நடுவட்டம் பக்கம். கோத்தகிரி இருக்கும் கிழக்குச் சரிவு நன்றாக நனைவது அக்டோபர், நவம்பரில்தான்.

இந்தப் பாம்பு மண்ணுக்குள் வாழ்வது, இரை மண்புழு. மேல்மண் காய்ந்தால் இரண்டுமே கீழே இறங்கிவிடும். ஆகவே தேதியை நம்பாமல் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் பயணத்தைத் தள்ளிப்போடலாம்.

காட்டுக்குள்தான் தேட வேண்டும் என்பதும் தவறு. இரவு மழைக்குப் பின் விடியலில், வண்டிகள் ஓடும் முன், தேயிலைத் தோட்டச் சாலையை நடந்து பாருங்கள். நசுங்கிக் கிடப்பதும் பதிவுதான். தலை கூராகவும், பல இனங்களில் வால் சாய்வாகச் சீவியதுபோலச் சொரசொரப்பாகவும் இருக்கும். அந்தச் சொரசொரப்பில் மண் அப்பியிருக்கும். அவசரத்தில் வாலைத் தலை என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

கல்லைப் புரட்டுவதில்தான் சேதம் அதிகம். கொக்கியால் எதிர்ப்பக்க விளிம்பை உங்களை நோக்கித் தூக்குங்கள். கல்லே கேடயமாக நிற்கும். வெறுங்கை வேண்டாம், அடியில் லாடக் குழிவிரியன் என்ற விஷப்பாம்பு சுருண்டிருக்கலாம். பார்த்து முடித்ததும் முதலில் கல்லை அதே குழியில் பொருத்தி, பிறகு பாம்பைப் பக்கத்தில் விட்டால் தானே நுழைந்துகொள்ளும். பாம்பின் மேலேயே கல்லை இறக்கினால் அது நசுங்கும். மக்கிய கட்டையை உடைக்கவே கூடாது, அந்த ஈரம் திரும்ப வர வருடங்கள் ஆகும்.

ஒன்றும் கிடைக்காத நாளை எழுதாமல் விடுவது இன்னொரு பிழை. நான்கு பேர் இரண்டு மணி நேரம் தேடினால் எட்டு ஆள்மணி. அதோடு புரட்டிய கற்களின் எண்ணிக்கை, உயரம், மண்வெப்பம். இவை இல்லாமல் ‘இங்கே இல்லை’ என்று சொல்ல உங்களுக்கு ஆதாரம் கிடையாது.

வன அனுமதிக்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பியுங்கள். தோட்டம் என்றால் உரிமையாளரிடமும் கேட்க வேண்டும். யானை, காட்டெருமை நடமாடும் இடத்தில் வனக்காவலர் துணையில்லாமல் இரவில் இறங்காதீர்கள். விஷமுறிவு மருந்து இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். இந்தியாவில் கிடைக்கும் கூட்டு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கே தயாரானது. குழிவிரியன் கடிக்கு உதவும் என்று நம்ப முடியாது. மருத்துவமனைக்குப் போகும் வழியையும் அதற்கு ஆகும் நேரத்தையும் கிளம்பும் முன்பே தாளில் எழுதி ஓட்டுநரிடம் கொடுத்துவிடுங்கள்.