சென்னையில் கண்டுபிடித்த சிறுகோளை மதுரையிலிருந்து பார்ப்பது எப்படி?

1861 ஏப்ரல் 17 அன்று மெட்ராஸ் வானாய்வகத்தில் வானியலாளர் நார்மன் போக்சன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். வரிசை எண் 67. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையின் உட்பகுதியில் சுற்றும் இதன் குறுக்களவு ஏறக்குறைய 60 கி.மீ. வானம் பார்க்கத் தொடங்கும் நம்மூர்ப் பிள்ளைகள் ஒருமுறையாவது இதைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி (கையால் திருப்பிப் பார்க்கும் எளிய வகை), நோட்டு, பென்சில், சிவப்பு டார்ச் போதும். பைனாகுலரில் தெரியாது. நல்ல காலத்திலேயே இதன் பிரகாசம் 10ஆம் தரத்தை ஒட்டித்தான் இருக்கும்; தர எண் கூடக் கூட ஒளி மங்கும். (தர எண் 5 கூடினால் ஒளி 100 மடங்கு குறையும் என்ற கணக்கை 1856இல் முன்வைத்தவரும் இதே போக்சன்தான்.)

படி 1: நாள்
ஏறக்குறைய 16 மாதத்துக்கு ஒருமுறை இது சூரியனுக்கு நேரெதிரே வரும். அப்போதுதான் பிரகாசம் அதிகம். மைனர் பிளானட் சென்டர் இணையதளத்தில் 67 என்று கொடுத்தால் ஒவ்வொரு நாளும் எங்கே இருக்கும் என்று கிடைக்கும். அமாவாசையை ஒட்டிய இரவுகளாகப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விடாது.

படி 2: இடம்
திருமங்கலம் தாண்டி, பேரையூர்ப் பக்கம் போங்கள். மதுரையின் வெளிச்சம் வடகிழக்கே ஒதுங்கிவிடும்.

படி 3: வரைதல்
இதில் அவசரப்படவே கூடாது. ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியில் அந்த இடத்துக்கு அருகிலுள்ள பிரகாசமான நட்சத்திரத்தைப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு நட்சத்திரமாகத் தாவிப் போங்கள். டாப்சோனியனில் காட்சி தலைகீழாகத் தெரியும். படத்தையும் அப்படியே திருப்பி வையுங்கள். இடம் வந்ததும் கண்ணில் படும் புள்ளிகளையெல்லாம் வரையுங்கள். எது சிறுகோள் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். மதுரையில் இது பெரும்பாலும் தலைக்கு மேலேயே வந்துவிடும். நேர் உச்சியில் டாப்சோனியனைத் திருப்புவது சிரமம். அதனால் உச்சிக்கு வர இரண்டு மணி நேரம் இருக்கும்போதே வரைந்து முடியுங்கள்.

படி 4: மறுநாள்
அதே நேரம், அதே நட்சத்திரங்கள், நோட்டில் அதே பக்கம். நிலவின் அகலத்தில் ஏறக்குறைய பாதி தூரம் நகர்ந்திருக்கும் புள்ளிதான் ஆசியா. தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். வானம் மூடிவிட்டால் அடுத்த இரவு பார்க்கலாம். நகர்வு இன்னும் தெளிவாகத் தெரியும்.

இது கைவந்ததும், 1864இல் போக்சன் அதே சென்னையில் கண்டுபிடித்த 80ஆம் எண் சிறுகோளான சாஃபோவைத் தேடுங்கள்.