கட்-ஆஃப் பட்டியலை வைத்துக்கொண்டு கோட்டைவிடும் இடங்கள்

கோபிசெட்டிபாளையத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜூன் பிறந்துவிட்டால் ஆதார் திருத்தமும் பட்டா நகலும் ஓரமாக ஒதுங்கிவிடும். பொறியியல் கலந்தாய்வுதான் பிழைப்பு. கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு மாணவிக்கு, வேண்டிய கல்லூரியையும் பாடத்தையும் வரிசையாக எழுதும் விருப்பப் பட்டியலை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று பார்த்தேன். 2019-இல் நான் செய்த அதே தவறு, அதே நம்பிக்கையான முகம். மவுஸைப் பிடுங்கிக்கொண்டேன்.

இனிஷியல் மாறுவது, சாதிச் சான்றிதழைத் தலைகீழாக ஸ்கேன் செய்வது போன்றவற்றைச் சொல்லி நேரத்தைக் கழிக்கப்போவதில்லை. அவற்றை யாராவது பார்த்துத் திருத்தச் சொல்லிவிடுவார்கள். திருத்த முடியாதவை வேறு.

எல்லா 200-ம் ஒரே 200 இல்லை

பிளஸ் டூ பாட மதிப்பெண்களை 200-க்குச் சுருக்கிப் போடும் கணக்குதான் மாணவனின் கட்-ஆஃப். "பையன் கட்-ஆஃப் எவ்வளவுங்க?" என்று கேட்டால் ஒரே ஓர் எண்ணைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எந்தப் படிப்புக்கான கட்-ஆஃப் என்பதுதான் முதல் கேள்வி. கணிதம் 70, இயற்பியல் 88, வேதியியல் 90, உயிரியல் 98 எடுத்த ஒரு மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். பொறியியலுக்குக் கணிதம் முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேரும்: 70, 44, 45, மொத்தம் 159. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் இளநிலை வேளாண்மைக்கு நான்கு பாடங்களும் பாதிப்பாதி: 173. கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதியாக: 187. அதே மதிப்பெண் தாள்தான். பொறியியலில் எங்கோ பின்னால் நிற்கும் பையன் நாமக்கல் கால்நடைக் கல்லூரிப் பக்கம் கண்ணை ஓட்டிப் பார்க்கலாம். மூன்றுக்கும் விண்ணப்பம் தனித்தனி என்பதால், ஒன்றின் கலக்கத்தில் மற்றதன் கடைசித் தேதியைத் தவறவிடுகிறவர்களும் உண்டு.

அரசு கலைக் கல்லூரிகளில் பெரும்பாலான படிப்புகளுக்குக் கணக்கு 400-க்கு. மொழிப்பாடங்களை விட்டு மற்ற நான்கையும் கூட்டுவார்கள். அங்கே 310 என்றதும் மலைக்க வேண்டியதில்லை.

போன வருடக் கட்-ஆஃபைச் சட்டமாக நினைப்பது

என் அக்கா மகள் 2019-இல் கணிதத்தில் 95, இயற்பியலில் 90, வேதியியலில் 93. கட்-ஆஃப் 186.5. கோவையில் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நான் 2018 பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஸ்கேலை வைத்து, பி.சி. வரிசையில் பென்சிலால் கோடு இழுத்தேன்: அந்தப் பாடம் 188-இல் முடிந்திருந்தது. "சாமி, இது கிடைக்காது. வீணாக எதற்கு மேலே போடுகிறாய்?" என்றேன். கட்டாயம் கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்ட பக்கத்து ஊர்க் கல்லூரியை முதலாவது விருப்பமாக வைத்தேன். அவள் கேட்ட கல்லூரி பட்டியலிலேயே இல்லை.

முதல் விருப்பமே கிடைத்தது. கடையில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். கலந்தாய்வு முழுவதும் முடிந்தபின் ஒதுக்கீட்டுப் பட்டியலைத் திறந்தால், அந்தக் கோவைக் கல்லூரியில் அதே பாடம், அதே பி.சி. பிரிவில் 185 வரை இறங்கியிருந்தது. இவளைவிட ஒன்றரை மதிப்பெண் குறைந்தவர் அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா சொன்னாள், இன்றைக்கும் சொல்கிறாள்.

நான் செய்தது ஒரு தவறில்லை, இரண்டு.

பட்டியலில் இருக்கும் கல்லூரியின் கட்-ஆஃப் என்பது, அது முன்கூட்டி வைக்கும் வேலி இல்லை. கடைசியாக உள்ளே போனவர் எடுத்த மதிப்பெண். கணிதத் தாள் கடினமாக வந்தால் எல்லோருக்கும் இறங்கும், எளிதாக வந்தால் ஏறும். மஞ்சள் விவசாயி ஒருவருக்கு இதை விளக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போன மாசி ஏலத்தில் போன விலையைச் சொல்லி இந்த மாசியில் மூட்டையை இறக்குகிற ஆள் ஈரோட்டுச் சந்தையில் உண்டா? ஆனால் அதே மனிதர் மகளின் பட்டியலை மட்டும் போன வருட விலைக்கு எழுதச் சொல்கிறார்.

2021-இல் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூவிலிருந்து 30 என்று எடுத்து மதிப்பெண் போட்டார்கள். அடுத்த வருடம் உண்மையில் தேர்வெழுதி வந்த பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலை வைத்து ஜோசியம் சொன்னவர்களை நான் நேரில் பார்த்தேன். மதிப்பெண்ணை விடுங்கள், ரேங்கைப் பாருங்கள். சுற்று முடிந்ததும் வெளியாகும் ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரேங்கும் இருக்கிறது. மதிப்பெண்ணைப் போல அது தாளுக்குத் தாள் குதிக்காது.

இரண்டாவது தவறுதான் பெரிது. 'கிடைக்கும்' என்று தோன்றியதை மேலே போடுவது. கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வருகிறது. முதலில் காலியாக இருப்பதைக் கொடுத்து நிறுத்திவிடுகிறது. மேலே எழுதிய பெரிய கல்லூரி இல்லையென்றால் அடுத்த வரிக்குப் போகுமே தவிர, ஆசைப்பட்டதற்கு அபராதம் போடாது. முதல் விருப்பமே கிடைத்துவிட்டால் 'அப்வேர்டு', அதாவது பட்டியலில் இன்னும் மேலே உள்ள இடம், கேட்கவும் வழியில்லை. உங்கள் பட்டியலில் அதற்கு மேலே எதுவும் கிடையாது. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விதியே இருக்கும்போது பன்னிரண்டு வரியோடு எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆசை மேலே, நம்பிக்கை நடுவில், கட்டாயம் கிடைப்பது அடியில்: என் கடையில் இப்போது பட்டியல் அந்த வரிசையில்தான் போகும்.

பென்சில் கோடு போட்ட அந்தத் தாளை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். தம்பியிடம் அதைத்தான் எடுத்துக் காட்டினேன்.

ஓ.சி. வரிசையைத் தாண்டிப் போவது

ஓ.சி. என்பது ஏதோ ஒரு சாதியாருக்கு என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 69 சதவீத இட ஒதுக்கீடு போக மீதி 31 சதவீதம் எல்லோருக்கும் பொது. பி.சி. மாணவி நல்ல ரேங்க் வைத்திருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் உட்காருவாள். இரண்டு வரிசையையும் பாருங்கள்.

முதல் சுற்றின் கட்-ஆஃப்

அது பாதிக் கதை. இடம் மீதி இருந்தால் அடுத்த சுற்றில் இன்னும் இறங்கும்.

பெயரைப் பார்த்துக் கல்லூரியின் குறியீட்டு எண்ணைப் பார்க்காமல் விடுவது

பீளமேட்டில் இருக்கும் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வேறு, நீலம்பூரில் இருக்கும் பி.எஸ்.ஜி. ஐடெக் வேறு. கட்-ஆஃபும் வேறு.

எஸ்.எஸ்.

பாடத்தின் பெயருக்குப் பின்னால் இந்த இரண்டெழுத்து இருந்தால் சுயநிதி. கட்டணத்தைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ரேண்டம் எண் பெரிதாக வந்ததற்குக் கோயிலில் விளக்குப் போடுவது

ரேண்டம் எண் என்பது விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி குலுக்கிப் போடும் எண். கட்-ஆஃப் சமமாக வந்தால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல் என்று பார்த்து, பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால்தான் அந்த எண்ணுக்கே வேலை. எண்ணெய் மிச்சம்.

ஒதுக்கீடு வந்தபின் உறுதி செய்ய மறப்பது

குறித்த நாளுக்குள் ஏற்கவில்லை என்றால் இடம் போய்விடும். ஒரு வருடம், கடைசி நாள் ஆடிப்பெருக்கோடு சேர்ந்து வந்தது. பையன் பாஸ்வேர்டை மறந்துவிட்டு என் கடையில் உட்கார்ந்திருந்தான். ஓ.டி.பி. அப்பாவின் கைபேசிக்குப் போனது. கைபேசி காரில், கார் சாவி வேட்டி மடிப்பில், வேட்டி படித்துறையில், அப்பா பவானி கூடுதுறையில் கழுத்தளவு தண்ணீரில். கடைசியில் யாரோ தெரிந்தவர் கரையிலிருந்து கூப்பிட்டு ஏற்றினார். மாலை நான்கரைக்கு ஓ.டி.பி. வந்தது. ஐந்து மணிக்குத் தளம் மூடியது.