வெளிநாடு போற, வர்ற ஸ்டூடண்ட்ஸுக்கு டிபார்ட்மெண்ட்ல என்ன பண்ணணும்

உங்க ஸ்டூடண்ட் ஒரு செமஸ்டர் வெளிநாட்டு யூனிவர்சிட்டில படிக்கப் போறாங்கன்னா முதல் வேலை கிரெடிட் விஷயத்த எழுத்துல முடிக்கிறதுதான், அங்க எடுக்கிற எந்தப் பேப்பர் இங்க எதுக்கு ஈடாகும்னு ரெண்டு சிலபஸையும் பக்கத்துல வெச்சுப் பார்த்து, பொறுப்பான ஆசிரியர் கையெழுத்தோட, கிளம்புறதுக்கு முன்னாடியே. வந்தப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா அந்தப் புள்ளைக்கு ஒரு செமஸ்டரே வீணாப் போகலாம், இதுல மட்டும் அசால்ட்டா இருக்காதீங்க. ஐரோப்பாவுல ஒரு முழு வருஷப் படிப்புக்கு 60 ஈசிடிஎஸ் கிரெடிட் (ஈசிடிஎஸ்னா ஐரோப்பாவோட பொதுவான கிரெடிட் கணக்கு முறை), ஒரு கிரெடிட்னா பொதுவா 25ல இருந்து 30 மணி நேர உழைப்பு, அதனால வெறும் நம்பர ஒப்பிடாம மணி நேரத்த ஒப்பிடுங்க. அங்க போனதும் பேப்பர் மாறுறது சகஜம், மாறின உடனே மெயில்ல புது லிஸ்ட் வாங்கி ஒப்புதல் குடுத்துடுங்க.

வெளிநாட்டுல இருந்து வர்றவங்க விசா பத்திக் கேட்டா நீங்களா பதில் சொல்லாதீங்க ப்ளீஸ், இன்டர்நேஷனல் ஆபீஸுக்கு அனுப்புங்க. ஒரு கோர்ஸ டிராப் பண்ணச் சொல்றதுக்கு முன்னாடியும் அங்க கேளுங்க, ஏன்னா பல நாடுகள்ல ஸ்டூடண்ட் விசாவுக்கு முழுநேரப் படிப்பு கட்டாயம். கிளாஸ்ல வாய் திறக்கலன்னா புரியலன்னு முடிவு பண்ணிடாதீங்க, கேள்விய கிளாஸுக்கு முந்தின நாளே அனுப்பி வெச்சா நிறைய பேர் நல்லாவே பேசுவாங்க.