பழைய கேமா, புது கேமா: எதில் பிழை அதிகம் என்று நீங்களே சோதிப்பது எப்படி?

அந்தக் காலத்து வீடியோ கேமில் பிழையே கிடையாது என்று அடித்துச் சொல்பவர்கள், 1998-இல் நின்டெண்டோ 64 கன்சோலுக்கு வந்த ‘ஸ்பேஸ் ஸ்டேஷன் சிலிக்கன் வேலி’யை எடுத்துப் பார்க்கலாம். அதில் சேகரிக்க வேண்டிய கோப்பைகளில் ஒன்று மட்டும், தொட்டாலும் கைக்கு வராது. எல்லாவற்றையும் சேர்த்து கேமை முழுசாக முடிக்க வழியே இல்லை. புது கேம்கள் மட்டும் சுத்தமா? 2020 டிசம்பர் 10-இல் வெளியான ‘சைபர்பங்க் 2077’-ஐ, ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்து தூக்கியது. அடுத்த ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது.

உதாரணத்துக்கு உதாரணம் அடுக்கினால் விடிய விடிய பேசலாம். சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரே நிபந்தனை: பழையதை டிஸ்கிலோ கார்ட்ரிட்ஜிலோ வந்தபடி ஓட்டுகிறீர்கள் என்றால் புதியதையும் அப்படியே ஓட்ட வேண்டும். பத்து அப்டேட் போட்ட கேமைப் பழையதோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

புது கேமை 1.00-இல் (அப்டேட் எதுவும் போடாத முதல் பதிப்பில்) ஓட்டுவது

பிளேஸ்டேஷன் 4-இல் முதலில் சேவ் ஃபைல்களை யுஎஸ்பி டிரைவில் எடுத்து வையுங்கள். பிறகு கேமை அழித்துவிட்டு, செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் இணைய இணைப்பை நிறுத்துங்கள். டிஸ்கைப் போட்டு இன்ஸ்டால் ஆனதும், கேம் ஐகானில் நின்று ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி இன்ஃபர்மேஷன் திறந்தால் பதிப்பு எண் தெரியும். 1.00 என்று இருந்தால் சரி. எண் கூடுதலாக இருந்தால், அது அப்டேட்களையும் சேர்த்துப் பின்னால் அச்சடித்த டிஸ்க். இந்தச் சோதனைக்கு உதவாது.

இங்கே பலரும் இடறுவது சேவ் ஃபைலில். புதிய பதிப்பில் செய்த சேவ் பழைய பதிப்பில் பெரும்பாலும் திறக்காது. அதனால் சோதனைக்கென்று கன்சோலில் தனி யூசர் ஒன்றை உருவாக்கி, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்குங்கள். பிளேஸ்டேஷன் 5 கேம்களின் சேவ் ஃபைலை யுஎஸ்பியில் எடுக்கவே முடியாது. பிஎஸ் பிளஸ் சந்தா இருந்தால் கிளவுடில் ஏற்றலாம், அவ்வளவுதான். ஆகவே அங்கே தனி யூசர் கட்டாயம்.

சில டிஸ்குகளில் சோதிக்க ஒன்றுமே இருக்காது. 2015-இல் வந்த ‘டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 5’ டிஸ்கை இணையம் இல்லாமல் போட்டால், பயிற்சிப் பகுதியையும் பார்க் கட்டும் பகுதியையும் தாண்டிப் போக முடியாது. மீதி கேம் டவுன்லோடில்தான் வரும். ஸ்விட்ச் 2-க்கு வரும் கேம்-கீ கார்டுகளிலும் கேம் கிடையாது, அதை டவுன்லோட் செய்வதற்கான சாவி மட்டும்தான். இவற்றுக்கு நேராக சைபர் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

பழையதைத் தயார்செய்வது

கேமின் குறையையும் பொருளின் வயசையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கார்ட்ரிட்ஜ் ஓடாவிட்டால் வாயால் ஊதாதீர்கள், ஈரம்தான் ஏறும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காது குடையும் பஞ்சால் உலோக முனைகளைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். கேம் பாய் கார்ட்ரிட்ஜில் சேவ் மறைந்துபோனால், உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அதைப் பிழைக் கணக்கில் எழுதாதீர்கள்.

எந்தப் பதிப்பு என்பதையும் பாருங்கள். நின்டெண்டோ 64-இன் ‘ஒகரினா ஆஃப் டைம்’ 1.0, 1.1, 1.2 என மூன்று பதிப்புகளில் வந்தது. ‘சூப்பர் மரியோ 64’-இல் பின்பக்கமாகத் தாவித் தாவிச் சுவரைத் துளைக்கும் தந்திரத்தை, 1997-இல் ஜப்பானில் வந்த ஷிண்டோ பதிப்பில் அடைத்துவிட்டார்கள். திருத்துவது அன்றைக்கும் நடந்தது. ஏற்கெனவே வாங்கியவர் கைக்கு அந்தத் திருத்தம் வந்து சேரவில்லை.

வேகத்தை அளப்பது

மொபைலில் ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 ஃபிரேம் (தனித்தனிப் படம்) எடுக்கும் வசதி இருந்தால் போதும். டிவியை கேம் மோடில் வையுங்கள். இல்லாவிட்டால் அசைவை வழவழப்பாக்கும் வசதி இடையில் பொய் ஃபிரேம்களைச் செருகி கணக்கைக் கெடுத்துவிடும். மொபைலை ஸ்டாண்டில் நிறுத்தி, கேமில் கேமராவை மெதுவாகச் சுழற்றியபடி படம்பிடியுங்கள். காட்சி அசையாமல் நின்றால் எண்ண முடியாது. பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். திரையில் ஒரு படம் மொபைலின் 4 ஃபிரேம் நீடித்தால் நொடிக்கு 60, 8 என்றால் 30, 12 என்றால் 20. கூட்டமான சண்டை ஒன்றிலும் காலியான இடம் ஒன்றிலும் தனித்தனியாக எடுங்கள்.

இந்த இடத்தில் பழைய கேம் ரசிகர்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். அமெரிக்க, ஜப்பான் பதிப்பு ‘ஒகரினா’ ஓடியதே நொடிக்கு 20 ஃபிரேமில். 2005-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ பெரிய மோதல்களில் 30-ஐக்கூட எட்டாமல் திணறும். இந்தியாவில் விற்ற பிளேஸ்டேஷன் 2 ‘பால்’ (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையைச் சேர்ந்தது. அதில் பல கேம்களின் உச்சம் 60-க்குப் பதில் 50 என்பதை நினைவில் வைத்து எண்ணுங்கள்.

பிழைக் கணக்கு

ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போதும்: மேலே போகவிடாமல் தடுப்பவை, சேவ் ஃபைலைக் கெடுப்பவை, கேம் மூடிக்கொள்பவை, கண்ணுக்கு மட்டும் அசிங்கமானவை. முதல் இரண்டில் விழும் ஒரு பிழை, கடைசிப் பத்தியில் ஐம்பதுக்குச் சமம். ஆள் சுவருக்குள் கால் விட்டு நிற்பது சிரித்துவிட்டுப் போகிற விஷயம்.

கேம் திடீரென மூடி, பிளேஸ்டேஷன் 4-இல் சிஇ-34878-0 என்ற எண் வந்தால், வேறு இரண்டு கேமையும் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் மூடினால் கோளாறு கன்சோலில். கன்சோலை முழுதாக அணைத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும்வரை அழுத்தி, சேஃப் மோடில் ரீபில்டு டேட்டாபேஸ் கொடுத்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.

இரண்டு மணி நேரம் ஆடிவிட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம். 2011-இல் வந்த ‘ஸ்கைரிம்’ பிளேஸ்டேஷன் 3-இல் ஆரம்பத்தில் நன்றாகவே ஓடியது. சேவ் ஃபைல் பெருக்கப் பெருக்கத்தான் திக்கித் திணறியது. அதனால் நடுவில் பலமுறை சேவ் செய்து, திறந்து, கன்சோலை ரெஸ்ட் மோடில் போட்டு எழுப்பி, குறைந்தது பதினைந்து இருபது மணி நேரம் ஓட்டுங்கள்.

கடைசியில் இணையத்தை ஆன் செய்து, அப்டேட் போட்டு, அதே இடங்களை மறுபடி ஆடிக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய திறந்தவெளி கேம்கள் 1.00-இல் பழையவற்றிடம் தோற்கும், அப்டேட்டுக்குப் பின் பெரும்பாலும் ஜெயிக்கும் என்பது என் கணிப்பு. காரணம் சோம்பேறித்தனம் மட்டுமில்லை. டிஸ்க் அச்சுக்குப் போவது வெளியீட்டுக்குப் பல வாரம் முன்பே. ‘சைபர்பங்க்’ அச்சுக்குத் தயார் என்று அறிவித்தது அக்டோபர் 5-இல். இடைப்பட்ட இரண்டு மாத வேலை முழுக்க அப்டேட்டில்தான் வந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் கேம் அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கிவந்த கட்டணமும் 2013-இல் நின்றுபோனது. திருத்துவது மலிவானதும், ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பதும் மலிவாகிவிட்டது.

வீட்டில் இணைய வேகம் குறைவென்றால், வெளியான அன்றே வாங்காமல், அப்டேட்கள் சேர்ந்த டிஸ்க் வரும்வரை காத்திருங்கள். அட்டையில் ‘கம்ப்ளீட் எடிஷன்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சிலவற்றில் கூடுதல் பகுதிகளுக்கு டவுன்லோட் கோடு உள்ள துண்டுச்சீட்டுதான் இருக்கும். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இணையம் தேவை என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.